ஞாயிற்றுக்கிழமையை விற்காதீர்கள்!

வாரத்துக்கு ஏழு நாள். அதில் ஆறு நாள் முதலாளிக்கு. ஏழாவது நாள் யாருக்கு?

"குடும்பத்துக்கு" என்பார் தகப்பனார். "கடன்காரனுக்கு" என்பார் அண்ணன். "வீடு கட்டி முடிக்கிற வரையில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது" என்பாள் வீட்டுக்காரி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. ஆனால் அந்தப் பையனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

ஏழாவது நாள் அவனுக்குச் சொந்தம். அவன் உடம்புக்கு. அவன் மனதுக்கு. அவன் நண்பர்களுக்கு. அன்று அவன் அறையை விட்டு வெளியே வரவேண்டும். கடலைப் பார்க்கவேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து நாலு பேரோடு சிரிக்கவேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

"இது என்ன புதுக் கதை! சம்பாதிக்கப் போனானா, சுற்றிப் பார்க்கப் போனானா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

யார் அந்தப் பையன்?

புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூரில் இருப்பார்கள். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் சிலர். கட்டிட வேலை, கப்பல் பட்டறை வேலை, குழாய் வேலை, பெயிண்டு வேலை பார்ப்பவர்கள் பலர்.

இந்தப் பலரைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

விடியும் முன்பே எழுந்திருக்கவேண்டும். லாரி வரும். ஏறி உட்காரவேண்டும். பகல் முழுவதும் வெயிலிலும் மழையிலும் வேலை. இரவு திரும்பினால் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். மேலே ஒரு கட்டில், கீழே ஒரு கட்டில். குளிக்க வரிசை. சமைக்க வரிசை. ஊருக்குப் போன் பேசலாம் என்றால், இங்கே மணி எட்டரை ஆகும்போது அங்கே மணி பதினொன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும்.

இப்படி ஆறு நாள் ஓடுகிறது. ஏழாவது நாளும் அப்படியே ஓடினால் அவன் மனிதனா, இயந்திரமா? இயந்திரத்துக்குக்கூட எண்ணெய் போட ஒரு நாள் நிறுத்துகிறார்களே!

ஞாயிறு சும்மா வந்ததா?

வார விடுமுறை என்பது வானத்திலிருந்து விழுந்தது அல்ல. கேட்டு வாங்கியது.

நம் நாட்டிலேயே பாருங்கள். அந்தக் காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தொழிலாளிகளுக்கு வார ஓய்வு என்று ஒன்று ஒழுங்காகக் கிடையாது. நாராயண் மேகாஜி லோகாண்டே என்று ஒருவர் இருந்தார். தொழிலாளிகளைக் கூட்டினார். கோரிக்கை எழுதினார். 1884-ல் தொடங்கிய முயற்சி, 1890-ல்தான் பலித்தது. அந்த ஆண்டு பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஆறு ஆண்டு போராடி வாங்கிய ஞாயிறு அது. அதை நாம் ஒரு போன் பேச்சில் விற்றுவிடுகிறோம். "தம்பி, இந்த வாரமும் ஓ.டி. பாருடா" என்று ஒரே வார்த்தை. முடிந்தது ஞாயிறு!

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் வேலைவாய்ப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி கட்டிடத் தொழிலாளி போன்றவர்களுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரவேண்டும். அது ஞாயிறாக இருக்கலாம். வேறு கிழமையாகவும் இருக்கலாம். அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் மிக அவசரமான காரணம் இருந்தால் ஒழிய, அன்று வேலைக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெற்றோர்கள் இதை நன்றாகக் கவனிக்கவேண்டும்.

ஓய்வு நாளில் முதலாளியே கூப்பிட்டு வேலை வாங்கினால், அரை நாளுக்கு மேற்பட்ட வேலைக்கு இரண்டு நாள் சம்பளம் தரவேண்டும். தொழிலாளி தானே போய், "எனக்கு வேலை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிச் செய்தால், அதே வேலைக்கு ஒரு நாள் சம்பளம்தான்!

புரிகிறதா? ஊரிலிருந்து நீங்கள் நச்சரிக்கிறீர்கள். பையன் தாங்கமாட்டாமல் மேஸ்திரியிடம் போய் வேலை கேட்கிறான். பாதிக் கூலிக்குத் தன் ஓய்வைக் கொடுத்துவிட்டு வருகிறான். உங்கள் அவசரத்தால் லாபம் அடைந்தவர் யார்? நீங்களும் இல்லை, அவனும் இல்லை.

பண்டிகை விடுமுறையும் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்கள். சீனப் புத்தாண்டுக்கு 2 நாள், இரண்டு ஹரி ராயாப் பெருநாள்கள், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், விசாக தினம், தேசிய தினம், மே தினம், ஆங்கிலப் புத்தாண்டு. இவற்றோடு நம் தீபாவளியும் உண்டு! தைப்பூசத்துக்கும் 1968 வரை விடுமுறை இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனால் காவடி நிற்கவில்லை. இன்றும் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோவிலிலிருந்து தண்டாயுதபாணி கோவிலுக்குக் காவடிகள் போகின்றன.

கணக்குப் பார்ப்போம்

"சட்டம் கிடக்கட்டும். பணத்துக்கு என்ன வழி?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டியோடு நிற்கிறது. தங்கை கல்யாணம் நிற்கிறது. மறைக்கவேண்டாம், கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு பையனுக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 24 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள்.) முதலாளி கூப்பிட்டு ஞாயிறு வேலை செய்தால் 48 வெள்ளி. மாதம் நான்கு ஞாயிறும் செய்தால் 192 வெள்ளி.

அவன் இரண்டு ஞாயிறு வேலை செய்து, இரண்டு ஞாயிறு ஓய்வு எடுத்தால்? 96 வெள்ளி குறையும். குறைவது உண்மைதான். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் தட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவன் வேலை பார்ப்பது சாரத்தின் மேல். பத்தாவது மாடி, இருபதாவது மாடி. கீழே சிமெண்டுத் தரை. தூக்கமும் களைப்பும் ஒரு நிமிஷம் கண்ணை மறைத்தால் போதும். கால் தவறும். கை இயந்திரத்தில் சிக்கும். அப்போது 96 வெள்ளியா பெரிது?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். பையன் நன்றாக இருந்தால்தான் கடன் அடையும், கல்யாணம் நடக்கும், வீடு எழும்பும்.

முதல் ஆண்டில் கடன் கழுத்தை நெரிக்கிறதா? சரி, மாதம் இரண்டு ஞாயிறாவது விடுங்கள். கடன் அடைந்த பிறகு நான்கையும் விடுங்கள். இது தர்மம் அல்ல. முதலீடு!

அறையில் படுத்தால் ஓய்வு ஆகாதா?

"ஓய்வு என்றால் படுத்துத் தூங்கட்டுமே. எதற்காக ஊர் சுற்றவேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள்.

காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நாள் முழுவதும் அதே அறையில், அதே கட்டிலில், கையில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தால் உடம்பு ஓயும். மனம் ஓயாது. போனில் ஊர்ச் செய்தி வரும். பங்காளிச் சண்டை வரும். கடன்காரர் குரல் வரும். இரவில் பார்த்தால் காலையில் இருந்ததைவிடப் பாரம் கூடியிருக்கும்.

மனதின் களைப்புக்கு மருந்து வேறு. திறந்த வெளி வேண்டும். பச்சை மரம் வேண்டும். கூடப் பேச ஆள் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது விடுமுறை.

எங்கே போவது?

"சிங்கப்பூரில் வெளியே போனால் காசு கரையுமே!" என்ற பயம் பலருக்கு உண்டு. பெரிய கடைகளுக்குள் போனால் கரையும். ஆனால் அந்த ஊரின் மிக நல்ல இடங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது! பஸ் செலவு, ரெயில் செலவு மட்டும்தான். சோறு கட்டிக்கொண்டு போகலாம். குழாய்த் தண்ணீரையே அப்படியே குடிக்கலாம். அவ்வளவு சுத்தம்.

* ஈஸ்ட் கோஸ்ட் பார்க்: கடலை மண் போட்டு நிரப்பி உண்டாக்கிய பூங்கா. நீளம் 15 கிலோ மீட்டருக்கு மேல்! ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னை. தலைக்கு மேல் சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். மணலில் பந்து விளையாடலாம். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். பிடோக் ஜெட்டி என்ற பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களை நாள் முழுவதும் வேடிக்கை பார்க்கலாம்.

* பூமலை: 1859-ல் உண்டான தாவரவியல் தோட்டம். 2015-ல் யுனெஸ்கோ இதை உலகச் சொத்து என்று அறிவித்தது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மற்ற இடமெல்லாம் இலவசம். இந்தத் தோட்டத்துக்கும் தமிழருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1877-ல் இங்கே ரப்பர்க் கன்றுகள் வந்தன. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் ரிட்லி என்ற வெள்ளைக்காரர் ஆராய்ந்து கண்டார். பிறகு மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்கள் யார்? நம் பாட்டன், பூட்டன்மார்கள்! அந்த நினைப்போடு ஒரு ரப்பர் மரத்தைப் பாருங்கள். மரம் பேசும்.

* உபின் தீவு: சாங்கி படகுத் துறைக்குப் போனால் மோட்டார்ப் படகு நிற்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்தவுடன் புறப்படும். சில வெள்ளிதான் கட்டணம். கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கே அடுக்கு மாடி இல்லை. மண் பாதை, கிணறு, பழைய மரவீடுகள், காட்டுப் பன்றி. நம் கிராமத்துக்குத் திரும்பியது போல் இருக்கும். தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற சதுப்பு நிலம். பிச்சாவரத்தில் இருப்பது போலச் சுரபுன்னை மரங்கள். 2001-ல் இதை மண் போட்டு மூட இருந்தார்கள். மக்கள் எடுத்துச் சொன்னார்கள். அரசாங்கம் திட்டத்தை ஒத்தி வைத்தது. இடம் பிழைத்தது.

* செம்பவாங் வெந்நீர் ஊற்று: 2020-ல் புதுப்பித்துத் திறந்த பூங்கா. பூமியிலிருந்து வரும் தண்ணீரின் சூடு சுமார் 70 டிகிரி. முட்டையை அதிலேயே வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள்! ஆறவைத்த நீரில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். ஆறு நாள் பூட்ஸுக்குள் வெந்த காலுக்கு இதைவிட வேறு என்ன சுகம் வேண்டும்?

* மரினா அணைக்கட்டு: 2008-ல் திறந்தது. கடல் நீரைத் தடுத்து, நல்ல தண்ணீரைத் தேக்கும் அணை. அணையின் கட்டிடத்துக்கு மேலே புல்தரை! மாலையில் குழந்தைகளும் பெரியவர்களும் காற்றாடி விடுகிறார்கள். பக்கத்திலேயே கரையோரப் பூந்தோட்டம். 50 மீட்டர் உயரம் வரைக்கும் இரும்பு மரங்கள். இரவில் அவற்றில் விளக்குகள் பாட்டுக்கு ஏற்ப ஆடும். கீழே புல்லில் படுத்துப் பார்க்கலாம். அதற்கும் காசு இல்லை.

அந்த மரங்களையும் மாளிகைகளையும் கட்டியவர்களில் நம் பையன்கள் போன்றவர்களும் உண்டு. கட்டியவன் ஒரு நாள் வந்து தலை நிமிர்ந்து பார்க்கவேண்டாமா?

நண்பன் என்றால் யார்?

வெளிநாட்டில் நண்பன் என்பவன் பொழுதுபோக்குக்கு மட்டும் உள்ளவன் அல்ல. அவன்தான் அண்ணன். அவன்தான் மாமன். அவன்தான் பக்கத்து வீட்டுக்காரன்.

காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவன் அவன். சம்பளச் சீட்டில் தப்பு இருந்தால் படித்துச் சொல்பவன் அவன். ஊரில் தகப்பனார் தவறிவிட்டார் என்று நடு இரவில் போன் வந்தால், நாலு அறையில் ஏறி இறங்கிப் பணம் திரட்டி விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பவனும் அவனே.

அந்த நட்பு எங்கே வளர்கிறது? வேலை இடத்தில் பேச நேரம் இல்லை. அறையில் அவரவர் கட்டில், அவரவர் போன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில், ஒரே பாத்திரத்துப் பிரியாணியைப் பங்கு போட்டுச் சாப்பிடும்போதுதான் வளர்கிறது. தனிமரம் தோப்பாகாது. ஞாயிறு இல்லாதவனுக்குத் தோப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ்ப் பையன்கள் தமிழரோடு மட்டும்தான் சேரவேண்டும் என்பது இல்லை. வேலை இடத்தில் வங்காளதேசத்துக்காரர் இருக்கிறார். பர்மாக்காரர் இருக்கிறார். சீனர் இருக்கிறார். அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள்தாம். ஒரு ஞாயிறு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் மீன் குழம்பை நீங்கள் ருசி பாருங்கள். உங்கள் சாம்பாரை அவர்கள் ருசி பார்க்கட்டும். கூட வேலை பார்ப்பவனின் பாஷையில் பத்து வார்த்தை தெரிந்தால், சாரத்தின் மேல் "பார்த்து!" என்று அவன் கத்தும்போது உங்களுக்குப் புரியும். உயிர் பிழைக்கும்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழிகள் நான்கில் ஒன்று. அதனால் நம்மவர்களுக்கு அங்கே பாதி ஊர் சொந்த ஊர். தேக்காவில் மல்லிகைப் பூ கிடைக்கிறது. வீரமாகாளியம்மன் கோவில் மணி கேட்கிறது. ஞாயிறு மாலையில் அங்குள்ள புல்வெளிகளில் நம் பையன்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரு வட்டம். ஒரே கம்பெனிக்காரர்கள் ஒரு வட்டம். அந்த வட்டம் ஒரு பல்கலைக்கழகம்! எந்த வேலைக்கு எந்தப் பரீட்சை எழுதலாம், எந்த ஏஜெண்டு ஏமாற்றுவான் என்பதையெல்லாம் அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்.

"கெட்டுப் போய்விடுவானே!"

இது தாய்மார்களின் பயம். "கூட்டாளி சேர்ந்தால் குடி வரும்."

பயம் வீண் அல்ல. 2013 டிசம்பர் 8-ந்தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸின் கீழ் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்தது. கலவரம் ஆயிற்று. வண்டிகள் எரிந்தன. பலர் வழக்கில் மாட்டினார்கள். பலரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குடியும் அந்தக் கலவரத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது.

பிறகு 2015-ல் புதுச் சட்டம் வந்தது. இரவு பத்தரை மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் இன்னும் கடுமை. சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வெளியிடத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். குடி எங்கே பிறக்கிறது? போக இடம் இல்லாதபோது பிறக்கிறது. பேச ஆள் இல்லாதபோது பிறக்கிறது. மூடிய அறையில், தனிமையில், வெறுமையில் பிறக்கிறது. காலையில் கிரிக்கெட், மத்தியானம் கட்டுச்சோறு, மாலையில் கடற்கரை என்று ஒருவனுக்கு வேலை இருந்தால், பாட்டிலுக்கு எங்கே நேரம்?

பையனை அறையில் பூட்டி வைப்பதால் அவன் நல்லவனாகிவிடமாட்டான். நல்ல நண்பர்களோடு வெளியே அனுப்பினால்தான் நல்லவனாக இருப்பான். "யாரோடு போகிறாய்?" என்று கேளுங்கள். "ஏன் போகிறாய்?" என்று கேட்காதீர்கள்.

அடைத்து வைத்த காலம்

வெளியே போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை. கண்ணாலேயே பார்த்தோம்.

2020 ஏப்ரலில் கொரோனா நோய் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் பரவியது. விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். எல்லோரையும் உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், அவர்களில் பாதிக்குப் பாதி பேரை நோய் தொட்டுவிட்டது என்று சோதனையில் தெரிந்தது. வைத்தியம் நல்லபடி நடந்தது. அதனால் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். சாப்பாடு வந்தது. சம்பளத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் வெளியே விடவில்லை. பிறகு வேலைக்கு மட்டும் போகலாம் என்றார்கள். வேலை, அறை, வேலை, அறை. கடைக்கோ கோவிலுக்கோ நினைத்தபடி போக முடியாது. 2021 செப்டம்பரில்தான் சிறு சிறு குழுக்களாகச் சில மணி நேரத்துக்கு லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனார்கள். 2022 ஜூனில்தான் பெரும்பாலான இடங்களுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடிந்தது.

நோயைத் தடுக்க அடைத்தது சரியா, இவ்வளவு நாள் அடைத்திருக்கவேண்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் சோறும் சம்பளமும் வந்தும், அந்த நாள்களில் பலர் மனம் ஒடிந்து போனார்கள். மனிதனுக்குச் சோறும் கூலியும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அரசாங்கம் அடைத்தபோது நாம் கண்ணீர் விட்டோம். இப்போது கதவு திறந்திருக்கிறது. நாமே அவனைப் பூட்டலாமா?

போட்டோவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இன்னொரு தொல்லை இருக்கிறது. இது இந்தக் காலத்துத் தொல்லை.

பையன் ஒரு ஞாயிறு நல்ல சட்டை போடுகிறான். இரும்பு மரத்தின் முன்னால் நின்று நண்பர்களோடு போட்டோ எடுக்கிறான். போனில் போடுகிறான். அவ்வளவுதான்! ஊரில் பேச்சு கிளம்புகிறது. "பார்த்தாயா, ராஜா மாதிரி இருக்கிறான். நமக்குக் கொடுக்க மட்டும் பணம் இல்லையாம்!" சித்தப்பா கடன் கேட்கிறார். மச்சான் மோட்டார் சைக்கிள் கேட்கிறான்.

அந்தப் போட்டோவுக்குச் செலவு, போக வர ரெயில் கட்டணம். அவ்வளவே! அந்தச் சட்டை வாரத்தில் ஒரே நாள் போடும் சட்டை. மற்ற ஆறு நாளும் போட்டோ எடுக்கக் கூடிய நாள்கள் அல்ல. அக்கரைக்கு இக்கரை பச்சை என்பது இதுதான்.

உறவினர்களே! அவன் சிரித்த முகத்தைப் பார்த்தால், "நன்றாக இருக்கிறாயே, சந்தோஷம்" என்று ஒரு வரி எழுதுங்கள். கடன் கேட்காதீர்கள்.

தம்பிகளே! நீங்களும் ஒன்று செய்யுங்கள். சிரிக்கும் போட்டோவை மட்டும் அனுப்பாதீர்கள். வேலை எப்படிப்பட்டது, சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வீட்டாருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த வீட்டில் சந்தேகம் வராது.

பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள்

வீட்டு வேலைக்குப் போன பெண்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் கதை இன்னும் கடினம். வேலை இடமும் வீடுதான், தங்கும் இடமும் அதே வீடுதான். கதவைத் தாண்டினால்தான் ஓய்வு.

இவர்களுக்கு முன்பு சொன்ன சட்டம் பொருந்தாது. தனி விதி உண்டு. 2013 முதல் இவர்களுக்கும் வாரம் ஒரு ஓய்வு நாள் என்று ஆயிற்று. ஆனால் அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்று ஒரு வழியும் இருந்தது. 2023 ஜனவரி முதல் அதை இறுக்கினார்கள். மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது கட்டாயம் கொடுத்தே தீரவேண்டும். அதற்குப் பதில் பணம் கொடுக்கக் கூடாது!

ஏன் இந்த விதி? பணம் கொடுத்தாலும் ஓய்வுக்கு ஈடாகாது என்று அந்த நாட்டு அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அந்த நாளில் உங்கள் அக்காள், தங்கை கோவிலுக்குப் போகட்டும். தோழிகளோடு பூங்காவில் உட்காரட்டும். "பெண் பிள்ளை ஏன் வெளியே போகிறாள்?" என்று கேட்பவர்கள், கடல் தாண்டி வேலைக்கு அனுப்பும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே!

போகும்போது கவனம்

ஆசையாகப் போகிற இடத்தில் அபராதம் கட்டிவிட்டு வரக் கூடாது. சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

* குப்பையைக் கண்ட இடத்தில் போட்டால் முதல் குற்றத்துக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் போகலாம்.

* ரெயிலில் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. 500 வெள்ளி வரை அபராதம் உண்டு.

* பூங்காக்களில் 2022 ஜூலை முதல் புகை பிடிக்கக் கூடாது.

* மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் குரங்குகள் உண்டு. பாவம் என்று வாழைப்பழம் கொடுக்காதீர்கள். அதுவும் குற்றம்.

* சிங்கப்பூரில் இடி மின்னல் அதிகம். மேகம் கறுத்தால் மரத்தடியிலும் திறந்த வெளியிலும் நிற்காதீர்கள். கட்டிடத்துக்குள் ஓடுங்கள்.

* நீச்சல் தெரியாதவர்கள் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம். கூட்டாளி கேலி செய்தாலும் சரி!

பெற்றோரே, ஒரு வார்த்தை

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது நாம் பையனுக்கு என்னென்னவோ கொடுத்து அனுப்புகிறோம். ஊறுகாய் கொடுக்கிறோம். விபூதி கொடுக்கிறோம். பருப்புப் பொடி கொடுக்கிறோம். இனிமேல் இன்னொன்றும் கொடுத்து அனுப்புங்கள். அனுமதி!

"ஞாயிற்றுக்கிழமை உன்னுடையது. போய் வா. நண்பர்களோடு சந்தோஷமாக இரு." இந்த மூன்று வாக்கியத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். அவன் குற்ற உணர்ச்சி இல்லாமல் கடற்கரைக்குப் போவான். திங்கட்கிழமை காலையில் தெளிந்த கண்ணோடு சாரத்தில் ஏறுவான்.

அடுத்த வாரம் போன் பேசும்போது, "எவ்வளவு அனுப்பினாய்?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். "ஞாயிறு எங்கே போனாய்? யாரோடு போனாய்? என்ன பார்த்தாய்?" என்று முதலில் கேளுங்கள்.

பணத்தை எப்போது வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். இருபத்தைந்து வயது ஒரு முறைதான் வரும். அதன் ஞாயிறுகளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்!